ஹட்டன் மழையில் கல்லுச் செடி

2020 ஜனவரியில் நுவரெலியாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தபோது, ரோட்டோரப் பூச்செடிக் கடையில் மூன்று லித்தாப்ஸ் செடிகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் பெருவிரல் நுனி அளவு. சதைப்பிடிப்பான இரண்டு இலைகள், நடுவே ஒரு வெடிப்பு, மேலே சாம்பலும் பழுப்புமாகக் கோடுகள். கன்றுக்குட்டியின் குளம்பை மண்ணில் பதித்து வைத்த மாதிரி இருந்தது. அம்மா கையில் வாங்கிப் பார்த்து, "இது என்னாப்பா, கல்லுச் செடியா?" என்றார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதற்கு அதுதான் பெயர்.

ஜூன் முடிவதற்குள் மூன்றும் செத்துவிட்டன.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எனக்கு டிங்கரிங் வேலை. கராஜ் பூட்டிக் கிடந்தது. வீட்டில் சும்மா இருந்த கை, அந்தூரியத்துக்கும் பிகோனியாவுக்கும் தண்ணீர் ஊற்றும்போது இவற்றுக்கும் ஊற்றியது. ஞாயிறு தவறாமல் ஊற்றினேன். ஒரு நாள் காலையில் முதல் செடியின் பக்கத்தை விரலால் தொட்டேன். தோல் அப்படியே இருந்தது, உள்ளே எல்லாம் தண்ணீர். லேசாக அழுத்தியதும் தோல் விலகி, கஞ்சி போன ஒன்று விரலில் ஒட்டியது. புளித்த வாடை. இரண்டாவது செடி இஸ்தோப்பின், அதாவது முன் திண்ணையின், நிழலில் வெளிச்சத்தைத் தேடி விரல் நீளத்துக்கு வளர்ந்து சாய்ந்துவிட்டது. மூன்றாவது, அதிகம் குடித்துத் தோல் நெடுக வெடித்து, வெடிப்பில் பூஞ்சணம் பிடித்துப் போனது. கடையிலிருந்து வந்த கோப்பையைக் கவிழ்த்தால், உள்ளே கறுப்பாகப் பஞ்சு மாதிரி மண். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது.

அதற்குப் பிறகுதான் இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அது. நமீபியா, தென்னாப்பிரிக்கா, கொஞ்சம் பொட்ஸ்வானா: அங்கே கல்லுக்கும் சரளைக்கும் நடுவே, உடம்பின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து, மேல் முகம் மட்டும் வெளியே தெரிய வாழ்கிறது. அந்த முகம் ஒரு ஜன்னல். வெயில் அதன் வழியாக உள்ளே இறங்கி, மண்ணுக்குக் கீழே இருக்கும் பச்சைப் பகுதியைப் போய்ச் சேர்கிறது. அது வளரும் பல இடங்களில் வருடத்துக்கு 500 மில்லிமீற்றர் மழைகூடக் கிடையாது. நாங்கள் இருக்கும் ஹட்டன் இலங்கையின் மலைநாடு, இங்கே மழை 2000ஐத் தாண்டும். பக்கத்தில் இருக்கும் வட்டவளை, நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. இங்கே வைத்து இதை வளர்ப்பது நடக்கிற காரியமா என்று ஒரு மாதம் யோசித்தேன்.

நம்பிக்கை தந்தது ஒரே ஒரு விஷயம். இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து காற்றை எடுக்கிறது. அதற்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும். கொழும்பின் புழுக்கமான இரவு இதற்கு ஆகாது. மலைநாட்டு இரவு ஆகும். அந்த ஒன்றையாவது நாங்கள் இலவசமாகக் கொடுக்கலாம். மழையை மறைக்க வேண்டும், மண்ணை மாற்ற வேண்டும். இரண்டும் கையால் செய்கிற வேலைதானே என்று இறங்கினேன்.

விதை வாங்கியதிலும் ஒரு தடவை ஏமாந்தேன். இணையத்தில் நீலமும் ஊதாவுமாகப் படம் போட்டு விற்ற ஒரு பொட்டலத்தை வாங்கி விதைத்தேன். பத்து நாளில் முளைத்தது, ஒரு மாதத்தில் சாதாரணப் புல்லாக நின்றது. நீல நிற லித்தாப்ஸ் என்று ஒன்று இல்லை. சாம்பல், பழுப்பு, செங்கல் நிறம், மங்கிய பச்சை, சில வகைகளில் சிவப்பு, அவ்வளவுதான். வானவில் நிறத்தில் படம் கண்டால் காசைக் கொடுக்காதீர்கள். அப்புறம் கண்டியில் பல வருடமாகக் கள்ளி வளர்க்கும் ஒருவர், தன் செடியிலிருந்து எடுத்த விதை இரண்டு வகை தந்தார். ஒன்று லெஸ்லியீ, மஞ்சள் பூ. கோடை மழை பெய்யும் கிழக்குப் பக்கத்துப் புல்வெளிகளில் வளர்வது. மற்றது சாலிகோலா, வெள்ளைப் பூ. உப்பு நிலத்தின் ஓரங்களில் வளர்வது. "ஈரத்தைக் கொஞ்சமாவது தாங்குறது இந்த ரெண்டும்தான், மத்ததை இப்ப தொடாதீங்க" என்றார். அந்த ஆலோசனைதான் என்னைக் காப்பாற்றியது.

மண் என்று சொல்கிறேனே தவிர, அதில் மண் குறைவு. கல்குவாரியில் ஒரு உரப்பை சிப்ஸ் கல்லும் தூளும் கலந்து வாங்கினேன். பழைய இரும்புக் கடையில், தேயிலை சலிக்கும் மெஷ் துண்டு இரண்டு கிடைத்தது, ஒன்று பெரிய கண், ஒன்று சின்னக் கண். இரண்டிலும் சலித்து, கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவை மட்டும் எடுத்தேன். கழுவுவதுதான் பெரிய வேலை. ஏழெட்டு வாளித் தண்ணீர் போன பிறகும் கலங்கலாகத்தான் வடியும். தெளிந்து வடியும் வரை விடக்கூடாது, ஏனென்றால் அந்தத் தூள் சட்டியின் அடியில் இறங்கிச் சீமெந்து மாதிரி இறுகிவிடும். கழுவிய கல் ஏழு பங்கு, உமிக்கரி இரண்டு பங்கு, வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் ஒரு பங்கு. வருடக்கணக்கில் உரம் போட்ட தேயிலை மண்ணைச் சேர்க்கவில்லை. தேங்காய் மட்டையின் தும்புத்தூள் வேண்டவே வேண்டாம். இங்கே எல்லோரும் எதற்கெடுத்தாலும் தும்புத்தூள் போடுகிறார்கள். கல்லுச் செடிக்கு அது விஷம், ஈரத்தை விடவே விடாது.

2021 பெப்ரவரியில் விதைத்தேன். யோகட் கோப்பைகளின் அடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஐந்து ஓட்டை. கலவையில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, மேலே மெல்லிய கல் தூள் ஒரு படை. விதை அத்தனை சின்னது. வெள்ளைத் தாளை மடித்து, மடிப்பில் போட்டு, விரலால் தட்டித் தட்டி விழுத்த வேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும். மேலே மண் போட்டு மூடக்கூடாது. கோப்பையைத் தண்ணீரில் அமிழ்த்தி அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டு, வாயைக் கண்ணாடித் துண்டால் மூடினேன். ஆறாம் நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, கல் தூளுக்கு நடுவே பச்சை நிறத்தில் ஊசித்தலை அளவு உருண்டைகள். நூறு விதையில் அறுபத்தொன்று முளைத்தது.

அடுத்த மாதம் பாசி பிடித்தது. மூடிய கண்ணாடி, ஹட்டன் மூடுபனி, ஈரக் கல், மூன்றும் சேர்ந்து கோப்பையின் மேல் பச்சைக் கம்பளமே விரித்துவிட்டது. அதற்கடியில் இருபது நாற்றுகள் அழுகின. முளைத்து இரண்டாம் கிழமையே கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் காற்று விட்டிருக்க வேண்டும். பாசிப் படலத்தை ஊசியால் கிளப்பி எடுத்து, நாற்றுகளைச் சுற்றி உலர்ந்த கல் தூள் தூவினேன். மீதி பிழைத்தன.

கூரைக்கு வருகிறேன். சவுக்கு மரச் சட்டத்தில் மூன்றடி உயர மேடை. மேலே, மரக்கறித் தோட்டத்துக் கூடாரத்திலிருந்து கழித்த தடித்த பொலித்தீன், சரிவாக. முதலில் நான்கு பக்கமும் சேர்த்து மூடினேன், சாரல் வருமே என்று. மூன்றே நாளில் உள்பக்கம் முழுவதும் வியர்த்து, துளி துளியாகச் செடிமேல் சொட்டியது. வெளியே மழை நின்றாலும் உள்ளே நிற்கவில்லை. பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, கூரையை மட்டும் சுற்றிலும் ஒன்றரை அடி வெளியே நீட்டினேன். சாரல் உள்ளே வரவில்லை, காற்று தாராளமாக ஓடியது. மேடை கிழக்கைப் பார்க்கிறது. எங்கள் பக்கம் காலையில்தான் வெயில் நிச்சயம், மத்தியானத்துக்கு மேல் மலையிலிருந்து பனி இறங்கிவிடும். நிழலில் இருந்த நாற்றை ஒரேயடியாக வெயிலில் வைக்காதீர்கள். இந்த உயரத்தில் வெயில் குளிராகத் தெரியும், ஆனால் சுடும். இரண்டு நாற்றின் முகத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்தது, அது ஆறவே இல்லை. அந்த இலை போய் அடுத்த இலை வரும்வரை அப்படியே இருந்தது.

இனி, எனக்கு உண்மையில் பாடம் கற்றுத் தந்த பகுதி. அக்காவைப் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். 2022 ஆரம்பத்தில் நாற்றுகளில் பாதியை அக்காவிடம் கொடுத்தேன். ஒரே விதை, ஒரே கலவை, ஒரே அளவுச் சட்டி. ஹட்டனும் பண்டாரவளையும் ஏறத்தாழ ஒரே உயரம்தான், இரண்டுமே 1200 மீற்றருக்குச் சற்று மேலே. ஆனால் மழை நேர்மாறு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று எங்களை நனைத்துக் கொட்டும்போது, அக்கா இருக்கும் ஊவாப் பக்கம் கச்சான் காற்று வரண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் காலமும் அதுதான். மார்கழி, தையில் வடகீழ்க் காற்று வந்தால் அங்கே மழை, எங்களுக்கு வரண்ட காலம். பதுளை ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும்: பட்டிப்பொலை தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது மழை, வெளியே வந்தால் வெயில்.

ஒரே சட்டியைக் கொண்டு ஒரு சோதனை செய்தேன். சமையலறைத் தராசில், நன்றாகக் காய்ந்த நான்கு அங்குலச் சட்டி 640 கிராம். அடியால் ஒழுகும் வரை தண்ணீர் ஊற்றி, ஒழுக்கு நின்ற பின் 725 கிராம். ஜூலையில் அதைப் பண்டாரவளையில் அக்காவின் ஜன்னலோரம் வைத்தபோது, நான்காம் நாள் 640க்குத் திரும்பிவிட்டது. அதே சட்டி, அதே ஜூலை, ஹட்டனில் என் மேடையில் பதினேழு நாள் எடுத்தது. பதினேழு நாள் வேர் ஈரத்தில் கிடந்தால் எந்தக் கல்லுச் செடியும் தாங்காது. உமிக்கரியையும் மண்ணையும் குறைத்து, பத்தில் ஒன்பது பங்கு கல்லாக மாற்றினேன். ஒன்பது நாளுக்கு இறங்கியது. இன்றைக்கும் என் வீட்டுக் கலவை வேறு, அக்கா வீட்டுக் கலவை வேறு.

"எத்தனை நாளுக்கு ஒரு தரம் தண்ணீர்?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான். வெளிநாட்டுக் குறிப்புகளில் மாதக் கணக்குப் போட்டிருப்பார்கள், இந்த மாதம் ஊற்று, அந்த மாதம் நிறுத்து என்று. அங்கே கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பல மணித்தியால வித்தியாசம். இங்கே வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் நடுவே ஒரு மணித்தியாலம்கூட இல்லை. என் மேடையில் ஒரே தட்டில் ஒரு செடி இலை மாற்றும், பக்கத்துச் செடி மொட்டு விடும். எந்த மாதத்தைப் பார்த்து ஊற்றுவது? செடியைத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது இப்படி. இலையின் பக்கவாட்டில் மெல்லிய சுருக்கம் விழும், வயதானவர் கைத்தோல் மாதிரி. பின்னேரம் தெரிகிற சுருக்கத்தை நம்பக்கூடாது. வெயிலில் அப்படித்தான் வாடும், இரவில் தேறிவிடும். விடியற்காலையில் போய்ப் பார்க்க வேண்டும். காலையிலும் சுருக்கம் இருந்து, இரண்டு விரலால் பக்கத்தைப் பிடித்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தால், அதற்குத் தாகம். அப்போது சொட்டுச் சொட்டாக இல்லாமல், அடியால் ஒழுகும் வரை ஊற்ற வேண்டும். அக்கா முதல் வருடம் கிழமைக்கொரு தரம் போன் எடுப்பார்.

"தம்பி, ஒன்னு சுருங்கிக் கெடக்கு, ஊத்தவா?"

"காலைல பாத்தீங்களா அக்கா?"

"இல்ல, இப்பதான் பாத்தேன்."

"நாளைக்கு வெள்ளன பாத்துட்டுச் சொல்லுங்க."

பாதி நேரம் மறுநாள் போன் வராது. செடி தானே தேறியிருக்கும். 2023இல் அக்கா மொத்தம் பதினாறு தரம் ஊற்றினார், நான் ஒன்பது தரம். மே பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. காற்றில் இருந்த ஈரமே போதுமாக இருந்தது.

சுருக்கம் இருந்தும் ஊற்றக்கூடாத ஒரு காலம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் நல்ல செடி நான்கைக் கெடுத்தேன். நடு வெடிப்பு மெல்ல விரிந்து, உள்ளே குறுக்காகப் புது இலைச் சோடி எட்டிப் பார்க்கும். அந்த நேரம் பழைய இலை சுருங்கும், தொளதொளக்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். அது தாகம் இல்லை. பழைய இலை தன்னிடம் இருந்த தண்ணீர் முழுவதையும் புது இலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தாய் தன் சோற்றைப் பிள்ளைக்குப் போடுவது போலத்தான். நாம் குறுக்கே தண்ணீர் ஊற்றினால் பழைய இலை மறுபடி பருத்து, போக மாட்டேன் என்று நிற்கும். புது இலை இடமில்லாமல் நசுங்கும். என் நான்கு செடிகள் இரண்டு சோடி இலையோடு மாடி கட்டியது போல நின்றன, அதில் இரண்டு அழுகியது. விட்டுவிட்டால் பழைய இலை இரண்டு மூன்று மாதத்தில் வெங்காயச் சருகாகிச் செடியின் காலடியில் ஒட்டிக் கிடக்கும். அது தானாகக் காயும்வரை பிய்க்கவும் வேண்டாம்.

பூச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாவுப்பூச்சி அந்தச் சருகுக்கு அடியில்தான் ஒளியும். பார்மசியில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தால் போகும். வேரில் வந்தால் சட்டியையே கவிழ்த்து, வேரைக் கழுவி, ஒரு கிழமை உலரவிட்டுப் புதுக் கல்லில் நட வேண்டும். ஓடில்லா நத்தை ஒரே இரவில் நாற்றின் முகத்தைச் சுரண்டிவிடும். மேடைக் கால்களைத் தண்ணீர் நிரப்பிய டின்களுக்குள் நிறுத்திய பிறகு வரவில்லை.

இடையில் ஒரு நாள், தீபாவளிக்கு வீடு துப்புரவாக்கும்போது, வெறும் கல் நிறைந்த சட்டி என்று நினைத்து அம்மா ஒன்றை முற்றத்தில் கொட்டிவிட்டார். மூன்று செடியையும் தேடி எடுக்க அரை மணித்தியாலம் ஆனது. அம்மா ரொம்ப வருத்தப்பட்டார். 1811இல் தென்னாப்பிரிக்காவில் வில்லியம் பர்ச்செல் என்ற ஆய்வாளர் இந்தச் செடியை முதன்முதல் கண்டு எழுதி வைத்ததும் இப்படித்தான். வித்தியாசமான கூழாங்கல் என்று நினைத்துத்தான் குனிந்து எடுத்தார். லித்தாப்ஸ், அதாவது கல் முகம், என்ற பெயரை என். ஈ. பிரவுன் என்ற தாவரவியலாளர் வைத்தது அதற்கு நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1922இல். இதை அம்மாவிடம் சொன்னேன். "படிச்ச ஆளுக்கே தெரியல" என்று கொஞ்சம் ஆறுதல் அடைந்தார்.

2024 ஆகஸ்ட் கடைசியில் அக்காவிடமிருந்து போன். ஒரு லெஸ்லியீயின் வெடிப்புக்குள்ளிருந்து மொட்டு வருகிறதாம். ஓடிப்போய் என் மேடையைப் பார்த்தேன். என்னிடமும் ஒன்றில் மொட்டு. விதைத்து மூன்றரை வருடம். ஆனால் ஒரே செடியின் மகரந்தம் அதற்கே சேராது, இன்னொரு செடி பூத்திருக்க வேண்டும். பூ விரிவதோ மத்தியானத்துக்குப் பிறகு, அதுவும் வெயில் இருந்தால்தான். ஹட்டனில் செப்டம்பர் மத்தியானம் வெயிலுக்கு எங்கே போவது? என் மொட்டு முற்றி மஞ்சள் தெரிந்தும் மூன்று நாள் விரியவில்லை. நாலாம் நாள், சட்டியைப் பழைய பால்மா டின்னுக்குள் வைத்து, சுற்றிப் பழைய துணி அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். நானுஓயாவில் தூறல். பட்டிப்பொலையில் ஜன்னலே தெரியாத பனி. ஒஹியா தாண்டியதும் வெளிச்சம் வந்தது. அப்புத்தளையில் டின்னின் மூடியைத் திறந்து வைத்தேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு, அக்காவின் முற்றத்துச் சுவரில் இரண்டு செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டரைக்குள் இரண்டும் விரிந்தன. செடியே தெரியாமல் மூடிவிடும் அகலப் பூ, நூல் போன்ற மெல்லிய இதழ்கள், பளிச்சென்ற மஞ்சள். அக்காவின் மகள் தன் வர்ணப் பெட்டியிலிருந்து புதுத் தூரிகை ஒன்று கொண்டு வந்தாள். அவளேதான் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மகரந்தம் மாற்றினாள். பொழுது சாய இரண்டும் குடை மடக்குவது போல மூடிக்கொண்டன. அடுத்தடுத்து மூன்று நாள் அதையே செய்தோம்.

இரண்டிலும் காய் கட்டியது. 2025 ஜூனில் என்னுடைய காய் பழுப்பாகி மரக்கட்டை போல இறுகியது. கிள்ளி எடுத்துத் தட்டில் வைத்தேன். இதற்கு வெடிக்கத் தெரியாது. மழை வந்தால்தான் திறக்கும். வரண்ட நிலத்தில் விதை முளைக்க ஈரம் உண்டு என்று தெரிந்த பிறகே வெளியே விடுகிறது. மருந்துக் குழாயால் ஒரு துளி தண்ணீர் வைத்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரத்தில், மேலே கூம்பியிருந்த ஆறு மடல்களும் ஒவ்வொன்றாகப் பின்னால் வளைந்து, நட்சத்திரம் போல விரிந்தன. உள்ளே ஆறு அறை, ஒவ்வொன்றிலும் பழுப்புப் பொடி. இரண்டாவது துளியை உயரத்திலிருந்து விட்டபோது, விதைகள் தெறித்துத் தட்டின் விளிம்பு வரை போயின. காய்ந்ததும் மடல்கள் மறுபடி மூடிக்கொண்டன.

நூற்று நாற்பது விதைகளை ஆறு யோகட் கோப்பைகளில் விதைத்திருக்கிறேன். மீதியைத் தாளில் மடித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். நேற்று ஏழாம் நாள், வெளியே விடாத மழை. மூன்று கோப்பைகளில் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. இந்தத் தடவை கண்ணாடிக்கு அடியில், காற்றுப் போக, இன்றைக்கே ஒரு தீக்குச்சி செருகிவிட்டேன்.